சூடும் குளிரும் தோலுக்கு எப்படித் தெரிகிறது?

உணர்வு நரம்புகள் பற்றி ஒரு பாடம். சர்க்கரை நோயாளிகள் உள்ள வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை

அடுப்பில் இருக்கும் சட்டியில் விரல் தவறிப் பட்டால், "ஆ" என்று சொல்வதற்கு முன்பே கை பின்னால் வந்துவிடுகிறது. குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்ததும் உடல் சிலிர்க்கிறது. தேநீர் ஆறிவிட்டதா என்று உதடு பட்ட உடனே சொல்லிவிடுகிறது. இதையெல்லாம் நாம் யோசித்துச் செய்வதில்லை. தோலில் இருக்கும் நரம்புகள் ஒவ்வொரு நொடியும் இந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கின்றன.

இந்த உணர்வு இருக்கும் வரை அதன் அருமை தெரிவதில்லை. அது குறையத் தொடங்கியவருக்குச் சுடுதண்ணீரும் ஆபத்து, வெயிலில் காய்ந்த தரையும் ஆபத்து. நம் ஊர்களில் சர்க்கரை நோய் இல்லாத குடும்பத்தைத் தேட வேண்டியிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பங்களிப்போடு நடந்து 2023-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் பலருக்குக் காலின் சூட்டுணர்வு மெல்ல மெல்ல மங்குகிறது. அது அவர்களுக்கே தெரிவதில்லை. எனவே இந்தப் பாடத்தைப் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து படிப்பது நல்லது.

தோலில் இருப்பது என்ன?

வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரை இருக்கும். இதன் மேலடுக்குக்கு அடியில் நரம்பு நுனிகள் பரவிக் கிடக்கின்றன. சூட்டையும் குளிரையும் வலியையும் அறிபவை மெல்லிய, உறையில்லாத நுனிகள். மரத்தின் வேர்நுனி மண்ணுக்குள் பிரிந்து போவது போல இவை தோலுக்குள் பிரிந்து நிற்கின்றன.

இந்த நுனி ஒரு நரம்புச் செல்லின் கடைசி முனை. அந்தச் செல்லின் உடல் தோலில் இல்லை. அது முதுகெலும்பின் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய நரம்பு முடிச்சுக்குள் இருக்கிறது. அங்கிருந்து ஓர் இழை தோலுக்கும், இன்னோர் இழை தண்டுவடத்துக்கும் போகிறது. கால் பெருவிரலின் சூட்டை அறியும் செல்லின் உடல் இடுப்புக்கு அருகில் இருக்கிறது. அதன் இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய ஒரே செல், இடுப்பிலிருந்து கால்விரல் வரை நீண்டிருக்கிறது. இந்த நீளத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

குளிர்ப் புள்ளியும் சூட்டுப் புள்ளியும்

1880-களில் சுவீடனைச் சேர்ந்த மாக்னஸ் பிலிக்ஸ், ஜெர்மனியைச் சேர்ந்த ஆல்ஃபிரட் கோல்ட்ஷைடர் ஆகிய இருவரும் தனித்தனியே ஒரு சோதனை செய்தார்கள். மெல்லிய உலோக முனையைக் குளிரவைத்தும் சூடாக்கியும் தோலின் மேல் புள்ளி புள்ளியாக வைத்துப் பார்த்தார்கள். தோல் முழுவதும் ஒரே மாதிரி உணரவில்லை. சில புள்ளிகள் குளிரை மட்டும் சொல்லின. சில புள்ளிகள் சூட்டை மட்டும் சொல்லின. இடையில் இருந்த இடங்கள் இரண்டையும் சொல்லவில்லை. குளிர்ப் புள்ளிகள் சூட்டுப் புள்ளிகளைவிட அதிகம் என்பதும் தெரியவந்தது.

இதை வீட்டில் செய்து பார்க்கலாம். உலோக முனை உள்ள பேனாவைச் சிறிது நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பிறகு முழங்கைக்குக் கீழே உள்பக்கத் தோலில் அழுத்தாமல், ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போங்கள். பல இடங்களில் பேனா பட்டது மட்டும் தெரியும். திடீரென ஓர் இடத்தில் "சில்" என்று இருக்கும். அதுதான் குளிர்ப் புள்ளி.

சூட்டுக்கும் குளிருக்கும் வெவ்வேறு நரம்பு நுனிகள் என்பது இப்படி நிரூபணமானது. ஆனால் அந்த நுனிக்குள் சூடு எப்படி மின்செய்தியாக மாறுகிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்த விடை வந்தது, நம் சமையலறையில் இருக்கும் ஒரு பொருளிலிருந்து.

மிளகாய் காட்டிக்கொடுத்த கதவு

மிளகாயைக் கடித்தால் வாய் "எரிகிறது" என்கிறோம். வாய்க்குள் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் சூடு ஏறியிருக்காது. ஆனாலும் எரிகிறது, வியர்க்கிறது, மூக்கில் நீர் வடிகிறது. நெருப்பே இல்லாத இடத்தில் நெருப்பின் உணர்வு எப்படி வந்தது?

அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானியின் குழு இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்ற வேதிப்பொருள். அது நரம்புச் செல்லைத் தூண்டுகிறது என்பது முன்பே தெரியும். செல்லின் எந்தப் பகுதியில் போய் ஒட்டுகிறது என்பது தெரியாது.

அவர்கள் செய்த வேலை பொறுமையின் வேலை. உணர்வு நரம்புச் செல்களில் செயல்படும் மரபணுக்களின் துண்டுகளை ஆயிரக்கணக்கில் சேகரித்தார்கள். அவற்றை, காரம் பட்டால் எதுவும் செய்யாத சாதாரணச் செல்களுக்குள் தொகுதி தொகுதியாகச் செலுத்தினார்கள். எந்தச் செல் கேப்சைசின் பட்டதும் கிளர்ச்சி அடைகிறது என்று தேடினார்கள். கடைசியில் ஒரே ஒரு மரபணு அகப்பட்டது. அந்த மரபணு உருவாக்கும் புரதத்துக்கு இப்போது டி.ஆர்.பி.வி.1 என்று பெயர். 1997-ஆம் ஆண்டு இது வெளியானது.

இந்தப் புரதம் நரம்பு நுனியின் மேல்சவ்வில் பதிந்திருக்கும் ஒரு கதவு போன்றது. சாதாரண நேரத்தில் மூடியிருக்கும். கேப்சைசின் வந்து ஒட்டினால் திறக்கும். திறந்ததும் வெளியில் இருக்கும் சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே பாயும். அயனிகளுக்கு மின்னேற்றம் உண்டு. அவை உள்ளே வந்ததும் நரம்பில் ஒரு மின்துடிப்பு கிளம்பும். அந்தத் துடிப்புதான் செய்தி.

அதே கதவைச் சூடாக்கிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் காரம் எதுவும் இல்லாமலே கதவு திறந்தது. மனிதத் தோலுக்குச் சூடு வலியாக மாறத் தொடங்குவதும் ஏறத்தாழ அந்த அளவில்தான். ஆகவே மிளகாய் செய்வது, சூட்டுக்காக வைக்கப்பட்ட கதவைச் சூடு இல்லாமலே திறப்பது. கதவு திறந்தால் மூளைக்குக் கிடைக்கும் செய்தி ஒன்றுதான்: "சுடுகிறது". திறந்தது நெருப்பா, மிளகாயா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. அதனால் உடலைக் குளிர்விக்க வியர்வையையும் சுரக்க வைக்கிறது.

இதிலிருந்து சமையலறைக்கு இரண்டு குறிப்புகள். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். காரம் அதிகமானால் தண்ணீர் குடிப்பதைவிடப் பாலோ தயிரோ நன்றாக வேலை செய்யும். பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி வைத்த முன்னோர் அனுபவத்தில் கண்டது இது. மிளகாய் நறுக்கிக் கை எரிந்தால், முதலில் சிறிது சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பறவைகளிடமும் இந்தக் கதவு உண்டு. ஆனால் அதில் கேப்சைசின் சரியாக ஒட்டும் இடம் இல்லை. கிளி மிளகாய்ப் பழத்தை நிதானமாகத் தின்பதன் காரணம் இதுதான்.

குளிருக்கும் ஒரு கதவு

இருமல் மிட்டாயிலும் தலைவலித் தைலத்திலும் மென்தால் இருக்கிறது. புதினா இனத்தைச் சேர்ந்த ஒரு செடியிலிருந்து இது எடுக்கப்படுகிறது. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கிப் பகுதியில் இந்தச் செடி பெருமளவில் பயிராகிறது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வருகிறவர்கள் பெட்டியில் தவறாமல் கொண்டுவரும் கோடாலித் தைலத்திலும் மென்தால் உண்டு. நெற்றியில் தடவினால் குளிர்கிறது. ஆனால் நெற்றியின் சூடு பெரிதாகக் குறைவதில்லை.

மிளகாயில் நடந்ததே இங்கும் நடக்கிறது, எதிர்த் திசையில். 2002-ஆம் ஆண்டு டேவிட் ஜூலியஸும், கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றும் ஆர்டெம் பட்டபூட்டியனும் தனித்தனியே மென்தாலைக் கொண்டு குளிர்க் கதவைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு டி.ஆர்.பி.எம்.8 என்று பெயர். தோலின் சூடு ஏறத்தாழ 26 முதல் 28 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது இது திறக்கிறது. மென்தால் பட்டாலும் திறக்கிறது.

பட்டபூட்டியன் 1967-இல் லெபனானின் பெய்ரூட் நகரில் ஓர் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர். உள்நாட்டுப் போரின் நடுவே வளர்ந்து, 1986-இல் அமெரிக்கா சென்று படித்தவர். தொடுதலையும் அழுத்தத்தையும் அறியும் வேறு இரண்டு கதவுகளையும் இவர் குழு 2010-இல் கண்டுபிடித்தது. 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இவருக்கும் ஜூலியஸுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

இவை இரண்டு மட்டும்தான் கதவுகள் என்று எண்ண வேண்டாம். டி.ஆர்.பி.வி.1 இல்லாமல் பிறக்கச் செய்த எலிகளும் சூட்டை ஓரளவு உணர்ந்தன. சூட்டுக்கே பல கதவுகள் இருக்கின்றன. உயிருக்குத் தேவையான எச்சரிக்கை ஒரே கதவை நம்பி விடப்படவில்லை.

ஒரு எச்சரிக்கை: மென்தாலும் கற்பூரமும் கலந்த தைலங்களைக் கைக்குழந்தையின் மூக்கருகிலோ மார்பிலோ தடவாதீர்கள். சிறு குழந்தைகளுக்கு அது மூச்சுத் தடையை உண்டாக்கலாம்.

செய்தி போகும் வழி

தோலில் கிளம்பிய மின்துடிப்பு முதலில் தண்டுவடத்துக்குப் போகிறது. சட்டி சுட்டால் அங்கிருந்தே தசைகளுக்குக் கட்டளை வந்துவிடும், கை பின்வாங்கும். மூளைக்குச் செய்தி போய், "சுட்டுவிட்டது" என்று நாம் உணர்வது அதற்குப் பிறகு.

தண்டுவடத்தில் சூடு, குளிர், வலி ஆகியவற்றின் செய்திகள் எதிர்ப் பக்கத்துக்குக் கடந்து மேலே ஏறுகின்றன. வலது கை சுட்டால் மூளையின் இடது பாதி அறியும்.

எல்லா இழைகளும் ஒரே வேகத்தில் செய்தி கொண்டுபோவதில்லை. மெல்லிய கொழுப்புறை உள்ள இழைகள் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் அனுப்பும். உறையே இல்லாத இழைகள் நொடிக்கு அரை மீட்டர் முதல் 2 மீட்டர் வரைதான் அனுப்பும். கால்விரல் சுட்டால் முதலில் "சுரீர்" என்று ஒரு கூர்மையான வலி. சற்று நேரம் கழித்து நீண்ட எரிச்சல். முதலாவது வேகமான இழையின் செய்தி, இரண்டாவது மெதுவான இழையின் செய்தி. குளிரைப் பெரும்பாலும் உறையுள்ள இழைகளும் இதமான சூட்டைப் பெரும்பாலும் உறையில்லாத இழைகளும் கொண்டுபோகின்றன. அதனால் குளிர் சட்டென்று தெரிகிறது. இதமான சூடு மெல்லத் தெரிகிறது.

தோல் ஒரு வெப்பமானி அல்ல

பிள்ளைகளோடு இதைச் செய்து பாருங்கள். மூன்று கிண்ணம் எடுத்து, ஒன்றில் குளிர்ந்த தண்ணீர், ஒன்றில் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர், நடுவில் சாதாரணத் தண்ணீர் வையுங்கள். ஒரு கையைக் குளிர்ந்ததிலும் மறு கையை வெதுவெதுப்பானதிலும் ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டு, இரண்டையும் ஒன்றாக நடுக் கிண்ணத்தில் வையுங்கள். அதே தண்ணீர் ஒரு கைக்குச் சூடாகவும் மறு கைக்குக் குளிர்ச்சியாகவும் தெரியும். இங்கிலாந்தின் தத்துவ அறிஞர் ஜான் லாக் 17-ஆம் நூற்றாண்டிலேயே இந்த வியப்பை எழுதியிருக்கிறார்.

காரணம் இதுதான். ஒரே சூட்டில் சிறிது நேரம் இருந்தால் நரம்பு அதற்குப் பழகிவிடுகிறது. பிறகு ஏற்படும் மாற்றத்தைத்தான் உரத்துச் சொல்கிறது. தோலின் சூடு ஏறத்தாழ 30 முதல் 36 டிகிரிக்குள் நிலையாக இருந்தால் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது.

ஒரே அறையில் இருக்கும் எவர்சில்வர் டம்ளரும் மரப்பலகையும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். தொட்டால் டம்ளர் மட்டும் சில்லென்று இருக்கிறது. உலோகம் நம் விரலின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்கிறது. மரம் மெதுவாக இழுக்கிறது. நரம்பு நுனி சொல்வது நம் தோலுக்கு என்ன நடக்கிறது என்பதை. பொருளின் வெப்பநிலையை அது நேரடியாக அளப்பதில்லை.

தோல் புண்பட்டு வீங்கியிருக்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. அங்கே சுரக்கும் பொருள்கள் சூட்டுக் கதவை எளிதில் திறக்கும்படி இளக்கிவிடுகின்றன. வெயிலில் கன்றிய தோலில் வெதுவெதுப்பான தண்ணீர் பட்டால்கூட எரிவது இதனால்தான். அந்த இடத்தைத் தொடாமல் விடு என்று உடல் சொல்லும் மொழி அது.

கதவு மங்கும்போது

இனி வீட்டுக்கு வருவோம். இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடியிருந்தால், நரம்புக்கு உணவு கொண்டுபோகும் மிகச் சிறிய இரத்தக் குழாய்களும் நரம்பிழைகளும் பழுதடைகின்றன. மிக நீளமான இழைகள் முதலில் பாதிக்கப்படும். உடலில் மிக நீளமான இழைகள் எங்கே போகின்றன? கால்விரல்களுக்கு. ஆகவே மரத்துப்போதல் விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்டது போல மேலே ஏறுகிறது. கை விரல்களுக்கு அது வருவது பிறகு.

சூட்டையும் வலியையும் அறியும் மெல்லிய இழைகள் பலருக்குத் தொடக்கத்திலேயே பாதிக்கப்படுகின்றன. அப்போது தொடு உணர்வு ஓரளவு இருக்கும், நடக்க முடியும், கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். சூடு மட்டும் தெரியாது. சர்க்கரை நோய் நீண்ட காலம் இருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் நரம்புப் பாதிப்பு வருகிறது.

இதில் ஒரு குழப்பமும் உண்டு. பழுதடையும் நரம்பு சும்மா இருப்பதில்லை. தானாகவே பொய்ச் செய்தி அனுப்பும். உள்ளங்கால் நெருப்பில் வைத்தது போல் எரியும், ஊசி குத்தும், எறும்பு ஊரும். இரவில் அதிகமாக இருக்கும். எரிச்சலுக்கு இதமாக இருக்கட்டும் என்று பலர் சுடுதண்ணீரில் காலை வைக்கிறார்கள். பொய்யான சூட்டைச் சொல்லும் அந்த நரம்புக்கு உண்மையான சூடு தெரியாது. மறுநாள் காலையில் மகள் பார்த்து, "அத்தா, கால் முழுக்கக் கொப்பளமா இருக்கே, சுடலையா?" என்று கேட்கும்போதுதான் விஷயம் தெரியவரும்.

60 டிகிரி சூடுள்ள தண்ணீர் பட்டால் பெரியவர்களின் தோலே 5 நொடிகளில் ஆழமாக வெந்துவிடும். நல்ல நரம்பு உள்ளவர் அதற்குள் காலை எடுத்துவிடுவார். நரம்பு மங்கியவர் எடுக்கமாட்டார். 44 டிகிரி போன்ற மிதமான சூடும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் தோலைச் சுட்டுவிடும். சுடுநீர்ப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு தூங்குவது இவர்களுக்கு ஆபத்தாவது இதனால்தான்.

சர்க்கரை நோய் உள்ளவரின் காலில் இரத்த ஓட்டமும் குறைந்திருக்கலாம். சிறிய கொப்பளம் ஆறாத புண்ணாகி, கிருமி ஏறி, விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வரை போகலாம். இந்தத் துயரத்தின் தொடக்கம் பல நேரங்களில் ஒரு வாளிச் சுடுதண்ணீர்தான்.

வேறு காரணங்களும் உண்டு

தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளில் உள்ள நரம்புகளைத் தாக்குகிறது. நிறம் வெளுத்தோ சிவந்தோ ஒரு தேமல், அந்த இடத்தில் சூடு தெரியவில்லை என்றால் மறைக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசம். நோய் முழுமையாகக் குணமாகும். சீக்கிரம் போனால் நரம்பு பிழைக்கும். தாமதித்தால் கிருமி ஒழிந்தாலும் போன உணர்வு திரும்பாமல் போகலாம்.

வைட்டமின் பி12 குறைந்தாலும் நரம்பு மங்கும். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவர்களுக்கு இந்தக் குறை வரலாம் என்பதால், பி12 அளவைப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பெருங்குடல் புற்றுநோய்க்குத் தரப்படும் ஆக்சாலிபிளாட்டின் மருந்து இதற்கு நேர்மாறான தொல்லையைத் தருகிறது: குளிர்ந்த பொருளைத் தொட்டாலோ குடித்தாலோ கூச்சமும் வலியும் வரும். அந்த மருந்து ஏறும் நாட்களில் நோயாளிக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும் வேலையையும் வேறொருவர் செய்யட்டும்.

வயது ஏற ஏற, நோய் எதுவும் இல்லாதவர்களுக்கும் சூட்டுணர்வு, முக்கியமாகக் காலில், குறைகிறது. ஆகவே பின்வரும் கவனம் வீட்டில் உள்ள எல்லா முதியவர்களுக்கும் பொருந்தும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள். முழங்கையால் பாருங்கள். கையும் மரத்திருந்தால் வீட்டில் வேறொருவர் பார்த்துச் சொல்லட்டும்.

2. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீர். குழந்தையைக் குளிப்பாட்டும்போதும் இதே வரிசை. குழந்தைக்கு 37, 38 டிகிரி போதும். முழங்கைக்குச் சூடாகவும் குளிராகவும் தோன்றாத அளவு அது.

3. ஒளு செய்யும்போது ஒரு நாளைக்குப் பல முறை கால் நம் கைக்கு வருகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதில் ஒரு முறையாவது பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் பார்த்துவிடுங்கள். குனிய முடியாதவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். கழுவிய பின் விரல் இடுக்கை ஈரம் போகத் துடையுங்கள். குளிர்காலத்தில் சுடுநீர்க் குழாயைத் திறந்து நேரே காலை நீட்டாதீர்கள்.

4. வெயில் நேரத்தில் பள்ளிவாசல் முற்றம், மொட்டை மாடி, தார்ச்சாலை எதிலும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். ஹஜ், உம்ராவுக்குப் போன சர்க்கரை நோயாளிகள் சூடான தரையில் செருப்பின்றி நடந்து, உள்ளங்கால் வெந்து மருத்துவமனைக்கு வருவதைச் சவூதி மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றி வைக்கும் இடத்தில் அது தொலைவது வழக்கம். ஆகவே பயணத்தில் ஒரு துணிப்பை வைத்து, செருப்பை அதில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சோடியும் இருக்கட்டும்.

5. சுடுநீர்ப் பை, ஒத்தடம், வெந்நீரில் கால் வைத்தல் ஆகியவை கால் மரத்தவர்களுக்கு வேண்டாம். எரிச்சலுக்கு மருத்துவரிடம் மருந்து இருக்கிறது. மிளகாயின் கேப்சைசினே களிம்பாகவும் ஒட்டுப்பட்டையாகவும் நரம்பு வலிக்குப் பயன்படுகிறது. தொடர்ந்து படும்போது அந்த நரம்பு நுனி ஓய்ந்துவிடும். இதை மருத்துவர் சொல்லாமல் செய்யக்கூடாது. புண் உள்ள இடத்தில் தடவவே கூடாது.

6. மோட்டார் சைக்கிளின் சைலன்சர் பக்கம் கால் படாமல் ஏறி இறங்குங்கள். பின்னால் உட்காரும் முதியவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

7. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது கால் நரம்புப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டும், அதிரும் இசைக்கவையை வைத்தும், சூடு குளிர் காட்டியும் சில நிமிடங்களில் பார்த்துவிடுவார்கள். வலிக்காது. இழந்த உணர்வைத் திரும்பப் பெறுவது கடினம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் மேலும் இழப்பதைத் தடுக்கலாம், தாமதப்படுத்தலாம்.

சுட்டுவிட்டால்

குழாய்த் தண்ணீரை மெல்லத் திறந்து, சுட்ட இடத்தில் 20 நிமிடம் ஓடவிடுங்கள். தோலுக்கு அடியில் தங்கிய சூடு வெளியேற அவ்வளவு நேரம் வேண்டும். மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் போங்கள். ஐஸ் வைக்காதீர்கள். பற்பசை, மாவு, மை, மஞ்சள் எதையும் பூசாதீர்கள். கொப்பளத்தை உடைக்காதீர்கள்.

"வலியே இல்லை, லேசாகத்தான் இருக்கும்" என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். ஆழமாக வெந்த தோலில் நரம்பு நுனிகளே எரிந்துபோயிருக்கும். அதனால் அங்கே வலி இருக்காது. வலிக்காத, வெளுத்த அல்லது கருகிய தீப்புண் மிகவும் ஆபத்தானது. சர்க்கரை நோயாளியின் காலில் எவ்வளவு சிறிய தீப்புண் என்றாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்

மிளகாய் தின்றால் வாயின் சூடு ஏறுகிறதா? கிளிக்கு ஏன் காரம் தெரிவதில்லை? டம்ளர் ஏன் பலகையைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது? கால் சுட்டால் ஏன் இரண்டு முறை வலிக்கிறது? நன்னாவின் குளியல் தண்ணீரை ஏன் வேறொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும்?

முதல் நான்கு கேள்விகளுக்கு விடை சொன்ன பிள்ளைக்குப் பாடம் புரிந்திருக்கிறது. ஐந்தாவது கேள்விக்கு விடை சொல்லி, நாளை காலை வாளியில் முழங்கையை வைத்துப் பார்க்கும் பிள்ளை, நன்னாவின் காலைக் காப்பாற்றும்.